ஆறு மாசத்துக்கு ஒரு டீச்சர்

போன மாதம் ஒரு காதுகுத்துக்காக ஆலத்தியூர் போயிருந்தேன். 1997-இல் சிமென்ட் ஆலை வந்த பிறகு ஊர்ப் பேச்சில் பாதி லாரி, பாதி வேலை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தப்பா மகளும் வேலையைப் பற்றித்தான் கேட்டாள். பி.எஸ்.சி. கணிதம் முடித்தவள், பி.எட். படிக்கவில்லை.

"அண்ணே, நம்ம பக்கத்து மெட்ரிக் ஸ்கூல்ல மேத்ஸ் மிஸ் பிரசவ லீவுல போறாங்களாம். ஆறு மாசத்துக்கு ஆள் வேணுமாம். ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும். பி.எட். இல்லாம போலாமா?"

"கூடாதும்மா, சட்டப்படி முடியாது" என்றேன். இந்த மாதிரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வாய் நீளும்.

"நான் என்ன பர்மனென்ட்டாவா போறேன்? பதில் ஆளாத்தானே போறேன். அதுக்குமா பி.எட். கேப்பாங்க? அப்ப ஆறு மாசத்துக்குன்னு பி.எட்., டெட் எல்லாம் முடிச்சவங்க யாருண்ணே வருவாங்க?"

அவளுடைய கடைசிக் கேள்விக்கு அங்கே என்னிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் குறிப்பு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதிலாளாக வரும் வாத்தியாருக்கு என்ன தகுதி வேண்டும் என்று நம்ம ஊர் எப்போதிலிருந்து கேட்கிறது என்று தேடப் போய், அது இருநூறு வருடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது.

முதலில் ஒரு சொல் விஷயம். நம்ம பள்ளிக்கூடங்களில் 'சப்ஸ்டிடியூஷன்' என்றால் வெளியாள் வருவது கிடையாது. ஒரு டீச்சர் வரவில்லை என்றால், அந்த பீரியடில் சும்மா இருக்கும் இன்னொரு டீச்சரை அனுப்புவார்கள். காலையில் ஒரு நோட்டு சுற்றி வரும், அதில் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ் டீச்சர் போய் கணக்கு வகுப்பில் 'சத்தம் போடாம படிங்க' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். நாலு நாள், ஒரு வாரம் இப்படி ஓட்டலாம். ஆறு மாதம் ஓட்ட முடியாது. அப்போது வெளியாள் தேவைப்படுகிறார். அவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'லீவ் வேகன்சி'. கவனிச்சீங்களா, அது காலி இடத்தின் பெயர். அந்த இடத்தில் வந்து நிற்கும் ஆளுக்குத் தனிப் பெயரே கிடையாது.

பழைய திண்ணைப் பள்ளியில் அந்த ஆளுக்குப் பெயர் இருந்தது: சட்டாம்பிள்ளை. பெரிய பையன், பாடம் முந்திப் படித்தவன். வாத்தியார் வெளியே போனால் அவன்தான் சின்னப் பையன்களுக்கு ஏடு சொல்லிக்கொடுப்பான், மணலில் எழுத்துப் பழக்குவான், பிரம்பும் அவன் கையில் இருக்கும். இன்றைக்கு 'சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே' என்று திட்டுகிறோமே, அந்தப் பிரம்பின் ஞாபகம்தான் அது. சட்டாம்பிள்ளைக்கு வேண்டிய தகுதி ஒன்றே ஒன்று. எதிரே உட்கார்ந்திருப்பவனைவிட நாலு பாடம் கூடப் படித்திருக்க வேண்டும்.

இது ஏதோ பட்டிக்காட்டு ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்கப் போன ஏற்பாடு. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பையன்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கிய உதவி ஆசிரியர்களுக்கு அதில் இஷ்டமில்லை, 'இது நடக்காது' என்றார்கள். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்து அரிச்சுவடி வகுப்பை அவனிடம் கொடுத்தார். அவன் நடத்தினான்! பெல் சீமைக்குத் திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளை அது ஆண்டது. குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகள் என்பதுதான் அதன் கவர்ச்சி. பதிலாளை மலிவாகப் பிடிக்கலாம் என்ற யோசனையை உலகத்துக்கே ஏற்றுமதி செய்த ஊர் நம்ம சென்னை என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை.

அடுத்து கவர்னர் தாமஸ் மன்றோ. 1822-இல் ராஜதானி முழுக்கப் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். அன்றைக்கு அரியலூர்ச் சீமை திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சேர்ந்தது. மொத்தக் கணக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு 1826 மார்ச் 10-ஆம் தேதியிட்ட அவருடைய குறிப்பில் வேறொரு இடம்தான் முக்கியம். ஆசிரியர்களுக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, தகுதியுள்ள ஆட்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்கிறார். தாசில் அளவில் வைக்க வேண்டிய பள்ளிகளின் ஆசிரியருக்கு ஒன்பது ரூபாயும், கலெக்டரேட் பள்ளிகளுக்குப் பதினைந்து ரூபாயும் தரலாம் என்று திட்டம் போட்டார். தகுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் அதே வாக்கியத்தில் சம்பளத்தையும் பேசியிருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த விதிமுறைகளில் பலவும் முதல் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டன.

இங்கே நம்ம பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. உ.வே.சாமிநாதையர். சொந்த ஊர் உத்தமதானபுரம் என்றாலும் சின்ன வயதில் குடும்பம் அரியலூரில் இருந்தது. அங்கே சடகோபையங்காரிடம்தான் தமிழில் அவருக்கு முதல் ருசி. அப்புறம் குன்னம், அப்புறம் வேறு ஊர்கள். 1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்துக்கு வந்தார். சம்பளம் ஐம்பது ரூபாய். அவரிடம் எந்தப் பரீட்சைச் சான்றிதழும் கிடையாது. செட்டியார் 'இவன்தான் சரி' என்று தன் இடத்துக்குக் கைகாட்டினார். கல்லூரியில் இருந்தவர்கள் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள், செய்யுள் இயற்றச் சொல்லிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. காகிதம் இல்லாமல் வந்த ஆள் நமக்குச் சங்க இலக்கியத்தை மீட்டுக் கொடுத்தார்.

இந்தக் கதையை வைத்து 'பார்த்தீங்களா, சர்டிபிகேட் எதுக்கு?' என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. சாமிநாதையரைச் சோதித்தவர்களுக்குத் தமிழ் தெரியும். அவருக்குப் பின்னால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட வருடங்கள் இருந்தன. இன்றைக்கு ஆறு மாத வேலைக்கு வரும் பெண்ணை யார் சோதிக்கிறார்கள்? ஆபீஸ் ரூமில் ஐந்து நிமிடம், 'இங்கிலீஷ் பேசுவீங்களா?', முடிந்தது.

சாமிநாதையர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே காகிதத்தின் ராஜ்யம் தொடங்கிவிட்டது. 1854-இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்றது. 1856-இல் சென்னை வேப்பேரியில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் 'நார்மல் ஸ்கூல்' வந்தது. பின்னால் சைதாப்பேட்டைக்குப் போய் ஆசிரியர் கல்லூரியானது அதுதான். மானியம் வேண்டுமானால் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் வேண்டும் என்ற கண்ணி இறுக இறுக, 'டிரெயின்டு', 'அன்டிரெயின்டு' என்று வாத்தியார்கள் இரண்டு ஜாதியானார்கள். திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒரே இரவில் அன்டிரெயின்டு ஆனார். தனியார் பள்ளி ஆசிரியரின் தகுதியை அரசு கேட்க ஆரம்பித்தது, அரசு பணம் கொடுத்ததால்தான். நிதியுதவி பெறும் பள்ளியில் ஒரு ஆசிரியரை நியமித்தால் கல்வி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்ற இன்றைய நடைமுறைக்கும் வேர் அங்கேதான்.

சுதந்திரத்துக்குப் பிறகான கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1973-இல் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1974-இல் அதற்கு விதிகள். ஆசிரியரின் கல்வித் தகுதி, நியமனம், நீக்கம் எல்லாம் எழுத்தில் வந்தன. அரசுப் பணம் வாங்காத மெட்ரிக் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு விதித்தொகுப்பு. இப்படிச் சிதறிக் கிடந்ததை ஒன்றாக்கத்தான் 2018-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டம், அது நடைமுறைக்கு வந்தது 2023-இல்.

உண்மையில் எல்லாவற்றையும் மாற்றியது தில்லியில் இருந்து வந்தது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம். அதன் 23-ஆவது பிரிவு ஆசிரியராக நியமிக்கப்படக் குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்கிறது. அரசுப் பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சரி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-இல் அந்தத் தகுதி என்ன என்று அறிவித்தது. டெட் என்கிற தகுதித் தேர்வு அப்போதுதான் வந்தது.

இன்றைய நிலவரம் இதுதான். ஒன்று முதல் ஐந்து வரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூவும் இரண்டு வருட ஆசிரியர் பட்டயப் படிப்பும், கூடவே டெட் முதல் தாள். பி.எட். இருந்தால் போதுமே என்று நடுவில் ஒரு வழி திறந்திருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மூடிவிட்டது. தொடக்க வகுப்புக்குப் பட்டயப் படிப்புதான். ஆறு முதல் எட்டு வரை பட்டமும் பி.எட்.டும் (அல்லது பட்டமும் பட்டயமும்), டெட் இரண்டாம் தாள். ஒன்பது, பத்துக்குப் பட்டமும் பி.எட்.டும். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுகலையும் பி.எட்.டும், டெட் கேட்பதில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. அந்தச் சட்டத்தின் வயது வரம்புக்கு வெளியே இருப்பதால் அங்கே டெட் பேச்சே இல்லை.

இந்தப் பட்டியலில் எங்கேயும் 'தற்காலிகமாக வருபவர்' என்று ஒரு வரி கிடையாது. முப்பது வருடம் வேலை பார்க்கப் போகிறவருக்கும் முப்பது நாள் நிற்கப் போகிறவருக்கும் ஒரே தகுதிதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டால் பதிலாளுக்கென்றே தனி அனுமதிச் சீட்டு உண்டு. ஏதாவது ஒரு பட்டம் வைத்திருக்க வேண்டும், ஒரே ஆசிரியருக்குப் பதிலாக இத்தனை நாள் வரை நிற்கலாம் என்பது போன்ற கணக்கு. அது அங்கே அரசுப் பள்ளிக்கு. தனியார் பள்ளிக்கு, பாடம் நடத்தும் திறமை இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். நம்ம ஊரில் நேர் எதிர். சட்டம் இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் கேட்கிறது.

எல்லாவற்றையும் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு முதல் டெட் தேர்வே சாட்சி. 2012 ஜூலை 12. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். 150 கேள்வி, ஒன்றரை மணி நேரம், தேற 90 மார்க். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆறரை லட்சம் பேருக்கும் பாடம் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அதனால் அந்த அக்டோபரிலேயே மறுதேர்வு வைத்து நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். தேறியவர்கள் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது.

அரசுக்கே ஆள் தேவைப்பட்டபோது என்ன செய்தது? 2019 ஜனவரியில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது தற்காலிக ஆசிரியர்களைக் கூப்பிட்டார்கள். முதலில் 7,500 ரூபாய் என்று சொல்லி, பிறகு 10,000 ஆக்கினார்கள். கல்வி அலுவலக வாசல்களில் வரிசை நின்றது. மாதக் கடைசியில் வேலைநிறுத்தம் முடிந்தது, வரிசையில் நின்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2022-இல் 13,331 காலி இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. தகுதித் தேர்வு முடித்தவர்கள் காத்திருக்கும்போது இது என்ன முறை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் டெட் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று வழிகாட்டுதல் திருந்தியது. சம்பளமும் பிறகு கூடியது.

இலங்கையில் இது இன்னும் வேதனையானது. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கில் ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் உயர்தரம் படித்த இளைஞர்கள் போய்ப் பாடம் நடத்தினார்கள். 'தொண்டர் ஆசிரியர்' என்று பெயர். பலருக்குச் சம்பளமே கிடையாது. போர் முடிந்த பிறகு நிரந்தர நியமனம் கேட்டபோது 'உங்க தகுதி என்ன?' என்ற கேள்வி வந்தது. வருடக்கணக்கில் வகுப்பை மூடாமல் காப்பாற்றியவர்களிடம் கேட்ட கேள்வி அது.

பதிலாளிடம் மட்டும்தான் இந்தக் கேள்வி பின்னால் வரும் என்றும் இப்போது சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், டெட் வருவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. இருபது வருடம் பாடம் நடத்திய டீச்சர்கள் இப்போது வழிகாட்டி நூல் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யோக்கியமாக இருக்காது. பட்டம் முடித்த கையோடு நானும் ஒரு தனியார் பள்ளியில் நாலு மாதம் லீவ் வேகன்சியில் நின்றிருக்கிறேன். பி.எட். கிடையாது. வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை, லீவில் போன சாருடைய பெயர்தான். ஒருநாள் மாலை ஆபீசில் கூப்பிட்டு, 'நாளைக்கு இன்ஸ்பெக்ஷன், நீங்க வர வேண்டாம் சார்' என்றார்கள். மறுநாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மறுநாள் போனபோது எட்டாவதுப் பையன் ஒருத்தன், "சார், நேத்து உங்க பேரு கேட்டாங்க சார், சொல்லக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க" என்றான். பாடம் நடத்தியதில் எனக்கு வெட்கம் இல்லை. ஓரளவு நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைக்கிறேன். ஆனால் பின்னங்களைப் புரியவைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது. அது புரியாத ஆறேழு பேருக்கு என்னிடம் வேறு வழி இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது என்பது பிற்பாடு பி.எட். வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அதனால்தான் சட்டம் கேட்பது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதிலாள் என்று ஒருவர் இருப்பதையே சட்டம் பார்க்க மறுப்பதுதான் உறுத்துகிறது. பார்க்காததால் அவருக்கு யாரும் ஒரு வாரப் பயிற்சிகூடக் கொடுப்பதில்லை, இவ்வளவு சம்பளம் என்று எழுதுவதில்லை. அவர் இருப்பதே இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மறைக்க வேண்டிய விஷயமாகிவிடுகிறது.

இத்தனைக்கும் பதிலாளின் தேவை கூடிக்கொண்டுதான் போகிறது. மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் 12 வாரத்தை 26 வாரமாக்கியது. தமிழ்நாட்டில் அரசு ஆசிரியைகளுக்கு 2021-லிருந்து பன்னிரண்டு மாதம். நல்ல விஷயம், வர வேண்டிய விஷயம். அந்த மாதங்களில் வகுப்பில் யார் நிற்பார்கள் என்பதை மட்டும் யாரும் கூடவே யோசிக்கவில்லை.

இதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு அவளுக்குப் போன் போட்டேன். சட்டம் என்ன சொல்கிறது என்று சொன்னேன். எட்டாவது வரைக்கும் டெட் வேண்டும் என்றதும் சிரித்தாள். "அந்த ஸ்கூல்ல இருக்கிற பாதிப் பேரு டெட் எழுதவே இல்லண்ணே." போவதென்றால் ஒன்றிரண்டு விஷயம் சொல்கிறேன் கேட்டுக்கோ என்றேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கையில் கொடுக்காதே, ஜெராக்ஸ் மட்டும் கொடு. தேதி போட்டு ஒரு ஆர்டர் கேள், ஆறு மாதம், இவ்வளவு சம்பளம் என்று. பி.எட். இருப்பதாக எந்த ஃபாரத்திலும் கையெழுத்துப் போடாதே.

"ஆர்டரா? அதெல்லாம் கேட்டா வேற ஆளப் பாத்துக்குவாங்கண்ணே" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பி.எட். அப்ளிகேஷன் எப்ப குடுப்பாங்க?" என்று கேட்டாள். இரண்டு வருடம் ஆகும், பணமும் ஆகும் என்றேன். "அந்தப் பணத்துக்குத்தாண்ணே ஆறு மாசம் போலாம்னு பாத்தேன்."

திங்கட்கிழமை அந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். ஆர்டர் கொடுக்கவில்லையாம், ஜெராக்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டார்களாம். நேற்று ராத்திரி வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்திருந்தது: "அண்ணே, பின்னத்த எப்படி ஆரம்பிக்கிறது?"